பட்டியல் நீண்டது, நினைவு சுருங்கியது

அந்தக் காலத்துப் படங்களில் பெயர்ப் பட்டியல் முதலிலேயே வந்துவிடும். நடிகர்களுக்குப் பிறகு ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, கலை, எடிட்டிங், மேக்கப், ஸ்டில்ஸ், படத்தைக் கழுவிய லேப் வரை வரிசையாக ஓடும். கதை தொடங்கும்வரை ஜனங்கள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். 'மாயாபஜார்' (1957) நிலவொளியை உருவாக்கிய மார்க்கஸ் பார்ட்லி, 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தின் பின்னணியில் இருந்த கலை இயக்குநர் ஏ.கே.சேகர் போன்றோரின் பெயர்கள் ரசிகர்கள் கண்ணில் பட்டது அப்படித்தான்.

ஆனால் செட்டின் உச்சியில், பலகைப் பரணில் நின்ற லைட்மேனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆர்க் விளக்கில் இரண்டு கார்பன் குச்சிகள் எரியும். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளி கூடினால் வெளிச்சம் துடிக்கும், ஷாட் வீணாகும். சூட்டிலும் புகையிலும் நின்றபடி அந்தக் குச்சிகளை அளவாக நெருக்கிக்கொண்டே இருப்பார். கதாநாயகியின் முகம் ஜொலித்ததில் அவர் கைக்கும் பங்குண்டு. அவர் இறந்தால், சேதி பெரும்பாலும் கோடம்பாக்கம், வடபழனித் தெருக்களைத் தாண்டாது.

இன்று லைட்மேன், டிரைவர் பெயர்கள்கூடத் திரையில் வருகின்றன, படம் முடிந்த பிறகு. தியேட்டரில் அதற்குள் பாதிப் பேர் வாசலுக்குப் போயிருப்பார்கள். ஓடிடியில் அடுத்த படம் அந்தப் பெயர்களை மூலைக்குத் தள்ளிவிடும். இப்படிப்பட்ட கலைஞர் ஒருவரின் மரணச் செய்தியும் நிமிடத்தில் உலகம் சுற்றுகிறது. எத்தனை படம், எந்த நட்சத்திரத்தோடு என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் செய்த வேலை என்ன என்பது மட்டும் இருக்காது.

அங்கீகாரமும் சில நேரம் காலம் கடந்தே வரும். எடிட்டர் கிஷோர் 2015 மார்ச்சில், 36 வயதில் மறைந்தார். 'விசாரணை' படத்துக்கான தேசிய விருது அவருக்கு அதன் பிறகே அறிவிக்கப்பட்டது. எடிட்டருக்காவது விருது உண்டு. கையுறை மாட்டி, ஃபிலிம் ஓரத்து எண்களை ஒப்பிட்டு நெகடிவை வெட்டி ஒட்டியவர்களுக்கு அதுவும் இல்லை. டிஜிட்டல் வந்து அந்த வேலையே போய்விட்டது. தெரிந்தவர்கள் போனால் அதன் நுணுக்கமும் போய்விடும்.

இப்படித் திரையின் நினைவுகள் அழிந்துவிடுமே என்ற கவலையை அன்று தனி ஒருவராகச் சுமந்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் மக்கள் தொடர்பாளராகத் தொடங்கியவர், படம் படமாகத் தகவல் திரட்டி, தமிழ்த் திரைப்பட வரலாற்றையே தொகுத்தார். 2016 மார்ச் 21 அன்று அவரும் மறைந்தார். அத்தகைய தொகுப்பு ஏன் வேண்டும்? முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கக் கிடைக்காது. பிரதி அழிந்த படத்துக்கு எழுத்தும் நினைவும்தான் சாட்சி.

ஆகவே இரங்கல் எழுதுவதற்கு முன்பே, இந்தக் கலைஞர்கள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும். மூத்த உறுப்பினர்கள் யார் யார் என்பது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் சங்கங்களுக்குத் தெரியும். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கையில் கேமரா இருக்கிறது. எந்தக் காட்சிக்கு எந்த விளக்கை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதுதான் அந்த மூத்தவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.