நீரில் இறங்கிய பின்னரே நேராகும் தண்டு

திருவேற்காடு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தேவி கருமாரியம்மன் கோயில். ஊரை ஒட்டிக் கூவம் ஆறு செல்கிறது. கடலோ சாலை வழியே இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். எனவே, அவ்வூர்ச் சந்து ஒன்றில் தகரக் கூரை வேய்ந்த கடைசல் பட்டறையில், மீன்பிடிப் படகின் சுழல்தண்டு இரு துண்டுகளாக முறிந்து கிடப்பதைக் கண்டபோது நமக்கு வியப்பு ஏற்பட்டதில் தவறில்லை.

காரணம் எளியது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றியபின், அங்கே வேலை பழகியவர்கள் பலர் சுற்றுப்புற ஊர்களில் சொந்தமாக லேத் ஒன்றை வாங்கி வைத்துப் பிழைக்கத் தொடங்கினர். அயனம்பாக்கம், திருவேற்காடு எங்கணும் இத்தகைய பட்டறைகளைக் காணலாம். நாம் சந்தித்த பெரியவரும் அவ்வாறு வந்தவரே. லாரி, தண்ணீர் பம்பு, அச்சு இயந்திரம் என்று எதன் தண்டு வந்தாலும் கடைந்து கொடுப்பவர். படகில் ஏறியதில்லை.

முறிந்த தண்டைக் கொண்டுவந்தவர்கள் காசிமேட்டைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். தந்தை விட்டுச்சென்ற மரப்படகு, 1980களில் கட்டியது. அதன் வயிற்றுக்குள் ஆறு சிலிண்டர் லேலண்ட் டீசல் எஞ்சின். இரண்டு ஆண்டுகளில் முறிந்த மூன்றாவது தண்டு இது. முதல் இரண்டும் பகலில் முறிந்தன. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. மூன்றாவது இரவில் முறிந்தது. முறிந்த வால்பகுதி பின்னோக்கி நழுவ, தண்டு செல்லும் குழாய் வழியே கடல்நீர் உள்ளே பாய்ந்தது. பழைய வேட்டிகளைக் குழாய்க்குள் திணித்து, விடியும்வரை நீர் இறைத்து உயிர் தப்பினர்.

“ஐயா, அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. இதுவும் முறிந்தால் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு படகுக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான்” என்றார் மூத்தவர்.

பெரியவர் உடனே பதில் கூறவில்லை. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி, வளைவு வளைவான மெல்லிய கோடுகள். மறுபுறம் சிறிது இடம் மட்டும் சொரசொரப்பாய். ஒரே அடியில் முறியும் உலோகம் இவ்வாறு இராது. நாள்தோறும் சிறிது சிறிதாக விரிசல் வளர்ந்து, மிஞ்சிய பகுதி சுமை தாங்காமல் முறிந்ததற்கான அடையாளம் அது. அலை வற்றிய மணலில் தெரியும் வரிகளைப் போல் இருப்பதால், பொறியியலார் இவற்றுக்குக் ‘கடற்கரைக் கோடுகள்’ என்றே பெயரிட்டுள்ளனர்.

“தண்டைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. வளைந்தபடி சுற்ற வைத்திருக்கிறார்கள். படகை நான் பார்க்க வேண்டும்” என்றார் பெரியவர்.

வளைந்தபடி சுற்றுவது என்றால் என்ன? எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போது, கியர்பெட்டி அதனைப் பாதியாக்கித் தண்டுக்கு 900 சுற்றாகத் தருகிறது என்று கொள்வோம். எஞ்சினும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிடில், ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒருமுறை வளைந்து நிமிரும். மணிக்கு 54,000 முறை. பத்து மணி நேர ஓட்டத்தில் 5,40,000 முறை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும் சிறுவனின் வித்தைதான் இது. வேகம் மட்டும் வேறு.

படகின் வயிற்றில் எஞ்சினை வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே கூறிவிடுவோம். 1886இல் ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் காட்லீப் டைம்லர், தமது பெட்ரோல் எஞ்சினை ஒரு சிறு படகில் பொருத்தி ஓட்டினார். வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சியதால், மின்சாரப் படகு என்று நினைக்கட்டும் எனக் கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் வெளியே மாட்டிவைத்தார் என்பர். 1897இல் ருடால்ஃப் டீசல் தமது எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். உலகின் மீன்பிடிப் படகுகளை எல்லாம் தம் பெயரால் ஓடச் செய்த அவர், 1913இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து இரவில் காணாமற்போய்க் கடலிலேயே மாண்டார்.

நம் பக்கத்துக் கடலில் இம்மாற்றத்தின் தொடக்கம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையும் சக்திகுளங்கரையும். 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்த உடன்படிக்கையின்படி, மறு ஆண்டு அங்கே வேலை தொடங்கிற்று. டீசல் எஞ்சின் பொருத்திய சிறு மரப்படகுகள் கட்டி மீனவருக்கு வழங்கப்பட்டன. அதே காலத்தில் தமிழகக் கரையிலும் உணவு வேளாண் நிறுவனத்தின் வல்லுநர்கள் வந்து படகு வரைந்தனர். ‘பாப்லோ’ என்னும் சிறு விசைப்படகின் பெயரை நம் கடற்கரைப் பங்குகளின் முதியோர் இன்றும் கூறுவர். மானியமும் தவணைக் கடனுமாக விசைப்படகுகள் பெருகின.

பெருகியதெல்லாம் நன்மை என்று கூற நம்மால் இயலாது. கட்டுமரக்காரரின் வலைகளை விசைப்படகுகள் அறுத்துச் சென்றதால் 1970களில் கரையெங்கும் கைகலப்புகள் நிகழ்ந்தன, உயிர்களும் போயின. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைல் தூரத்தைப் பாரம்பரிய மீனவருக்கு ஒதுக்கியது. சட்டம் இருக்கிறது, சண்டையும் முற்றிலும் ஓயவில்லை. ஆயினும், ஒரு படகும் நான்கு குடும்பங்களும் நம் கண்முன் நிற்கும்போது, அப்படகு நன்றாக ஓடவேண்டும் என்றுதான் மனம் விரும்புகிறது.

பெரியவருடன் காசிமேட்டுக்குச் சென்றோம். வழியில் இராயபுரம். மீனவரான தூய பேதுருவைப் பழந்தமிழில் இராயப்பர் என்றழைத்த வழக்கிலிருந்தே அவ்வூர்ப் பெயர் வந்தது என்பர். அது தடைக்காலம். மீன்கள் இனம் பெருகுவதற்காக 2001 முதல் ஏப்ரல் 15இலிருந்து 45 நாளும், 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. வருமானம் இல்லாத அந்நாட்களில்தான் செலவு முழுவதும் வருகிறது. பழுது பார்க்க வேறு காலம் இல்லை.

படகு கரையேறி முட்டுக்கட்டைகள்மீது நின்றது. தச்சர்கள் மரத்தை முடித்திருந்தனர். உளுத்த வங்குகள் இரண்டை, அதாவது விலா எலும்பு போன்ற சட்டங்களை, மாற்றியிருந்தனர். பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சுத்திரியை உளியால் அடித்திறக்கிக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசும் கலப்பத்து வேலை நடந்துகொண்டிருந்தது. அடிக்கும் ஓசையைக் கொண்டே திரி போதுமா என்று அறிகிறார் தச்சர். மந்தமான ஓசை கணீரென்று மாறினால் போதும் என்று பொருளாம்.

எஞ்சினை மெக்கானிக் ஒருவர் அக்கக்காய்ப் பிரித்திருந்தார். லாரியில் ஓடும் எஞ்சினுக்கும் இதற்கும் உள்ளே வேறுபாடு அதிகமில்லை. லாரிக்கு முன்னால் ரேடியேட்டர். இங்கே காற்றுக்குப் பதில் கடல்நீர். எஞ்சினைச் சுற்றிவரும் நன்னீரின் வெப்பத்தைக் குழாய்க்கட்டு ஒன்றின் வழியே கடல்நீர் வாங்கிச் செல்கிறது. அக்குழாய்களில் உப்பும் சேறும் படிந்து பாதி அடைத்துக் கிடந்தன. சிலிண்டர் லைனர்களின் மேற்பகுதி தேய்ந்திருந்ததால் அவற்றையும் பிஸ்டன் வளையங்களையும் மாற்றினார். கிராங்க் தண்டைப் பத்து ‘தௌ’ அரைத்து, அதற்கேற்ற பேரிங்குகளை இட்டார். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறைகளில் இன்றும் வழங்கும் அளவு. நாசில்கள் ஒவ்வொன்றையும் சோதனைப் பம்பில் வைத்து, டீசல் சொட்டாகாமல் புகைபோல் சிதறுகிறதா என்று பார்த்தார். வால்வு இடைவெளியைத் தகட்டால் அளந்து திருத்தி, 1-5-3-6-2-4 என்னும் எரிப்பு வரிசைப்படி குழாய்களைப் பொருத்தியபின், எரிபொருளில் நின்ற காற்றை வெளியேற்றினார். மறுநாள் எஞ்சின் முதல் முயற்சியிலேயே இயங்கிற்று. சகோதரர் முகத்தில் ஒரு மலர்ச்சி. பெரியவரோ எஞ்சினைப் பார்க்கவேயில்லை. தண்டை இணைக்கும் இடத்திலேயே குனிந்திருந்தார்.

“சென்றமுறை தண்டு மாட்டியபோது கப்ளிங்கை எங்கே வைத்துச் சரிபார்த்தீர்கள்?” என்றார்.

“இங்கேதான், கரையில்.”

“தண்ணீரில் இறக்கிய பிறகு?”

இளையவர் தலையசைத்தார். இல்லை.

நோயின் வேர் அங்கே இருந்தது. கரையில் நிற்கும் மரப்படகு முட்டுக்கட்டை தாங்கும் இடங்களில் நிமிர்ந்தும் தாங்காத இடங்களில் தொய்ந்தும் இருக்கும். நீரில் இறங்கியதும் அடிப்பாகம் முழுவதும் தாங்கப்பட்டு அதன் வடிவம் சற்றே மாறும். காய்ந்த பலகைகள் நீர் குடித்துப் பருக்கும். டீசலும் பனிக்கட்டியும் ஏறினால் மேலும் மாறும். கண்ணுக்குத் தெரியாத மாற்றந்தான். ஆனால் தண்டுக்குத் தெரியும்.

புதுத் தண்டைக் கடைந்து, லேத்தில் இரு முனைகளுக்கிடையே சுற்றவிட்டு நேர்மை பார்த்து, சுழலி அமரும் கூம்பு முனையை நீலமை தடவிப் பொருத்திக் கொடுத்திருந்தார் பெரியவர். அதனைக் கரையில் மாட்டி, கியர்பெட்டியின் வட்டத்தையும் தண்டின் வட்டத்தையும் எதிரெதிரே நிறுத்தி, மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமும் தகட்டை நுழைத்து அளந்தார். இடைவெளியில் மூன்று தௌ வேறுபாடு. வட்டத்தின் விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை தௌ வரை பொறுக்கலாம் என்பது பழைய கணக்கு. ஆறங்குல வட்டத்துக்கு மூன்று தௌ என்பது மிக நன்று. ஆயினும் போல்ட்டுகளை முறுக்க அவர் விடவில்லை.

படகு நீரில் இறங்கியது. இரண்டு நாள் கட்டிப் போட்டனர். டீசல் தொட்டியை நிரப்பி, பனிக்கட்டி வைக்கும் அறையில் அதே எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கினர். மூன்றாம் நாள் காலை அதே தகடு, அதே நான்கு இடங்கள். கீழ்ப்பக்கத்தில் வேறுபாடு பதினான்கு தௌ!

மூத்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இரண்டு வருடம், ஐயா” என்று மட்டும் கூறினார்.

எஞ்சின் கால்களின் அடியில் மெல்லிய தகடுகளை ஒன்று நுழைப்பதும், ஒன்று எடுப்பதும், மீண்டும் அளப்பதுமாக நண்பகல் வரை சென்றது. வேறுபாடு நான்கு தௌவுக்கு வந்தபின் போல்ட்டுகளை முறுக்கினர்.

எஞ்சியது ஓட்டிப் பார்ப்பது. துறைமுக வாய்வரை சென்று விசையை முழுவதும் திறந்தபோது, 1,800 சுற்று காட்டவேண்டிய எஞ்சின் 1,640க்கு மேல் ஏறவில்லை, புகையும் கறுத்தது. நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் எஞ்சினால் இழுக்க முடியாத பாரம். சுழலி ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் நீரைத் துளைத்து முன்னேற வேண்டும் என்னும் கணக்குக்குப் ‘பிட்ச்’ என்று பெயர். அதிகம் இழுக்கும் என்ற ஆசையால் எப்போதோ யாரோ அளவு மிகுந்த சுழலியை மாட்டியிருந்தனர். பிட்ச் இரண்டு அங்குலம் குறைந்த சுழலியை மாட்டியதும் 1,780 வந்தது, புகையும் தெளிந்தது. ஆசைப்பட்டு மாட்டிய சுழலி எஞ்சினை எத்தனை ஆண்டு வாட்டியதோ!

திரும்பி வருகையில், தண்டு வெளியேறும் இடத்திலுள்ள கிளாண்டில் நீர் சொட்டுவதைக் கண்ட இளையவர் ஸ்பானரை எடுத்தார். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். அங்கே திணித்துள்ள கொழுப்புக் கயிற்றைக் குளிர்விப்பது அந்தச் சொட்டுத்தான். முற்றிலும் நிறுத்தினால் கயிறு காய்ந்து, சூடேறி, தண்டைத் தின்னும். “நிமிடத்துக்கு எட்டு, பத்து சொட்டு விழட்டும். ஒழுக்காக ஓடினால் மட்டும் கால் சுற்று இறுக்கு” என்றார்.

ஜூன் 15 விடியுமுன் படகு கடலுக்குச் சென்றது. மூன்றாம் நாள் மாலை நாம் திருவேற்காட்டுப் பட்டறையில் இருந்தபோது பெரியவரின் கைப்பேசி ஒலித்தது. மீன் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

“சொட்டு எத்தனை?” என்றார்.

“எட்டு, ஐயா.”

கைப்பேசியை வைத்துவிட்டு, பாதி கடைந்திருந்த பம்புத் தண்டின் பக்கம் திரும்பினார்.