சீடை வெடித்தது; கூரையும் வெடிக்குமா?

கோகுலாஷ்டமிக்கு முதல் நாள். காத்திவாக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் சீடை பொரிந்துகொண்டிருந்தது. திடீரென்று 'பட்' என்று ஒரு சத்தம்! எண்ணெயோடு ஒரு சீடை எழும்பி என் காலடியில் வந்து விழுந்தது.

வீட்டுக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே மேலே சிமெண்ட் ஷீட் கூரையைக் காட்டினார்.

"நெருப்பு புடிச்சா இதுவும் இப்படித்தான் பட்டாசு கணக்கா வெடிக்கும் சார்! சீட்டுப் பணம் எடுத்துத் தளம் போடலாம்னு இருக்கோம். அதுவாவது வெடிக்காம இருக்குமா?"

நியாயமான கேள்விதானே! விசாரித்தேன். விடை அந்த அம்மாளின் வாணலியிலேயே இருந்தது.

சீடை ஏன் வெடிக்கிறது? மாவிலுள்ள ஈரம் ஆவியாகிறது. வெளியே போக வழியில்லை. அழுத்தி வழவழவென்று உருட்டிய சீடைதான் முதலில் வெடிக்கும். அதனால்தான் பாட்டிமார்கள் லேசாக உருட்டச் சொல்வார்கள். ஊசியால் ஒரு குத்தும் குத்துவார்கள்.

கான்கிரீட்டும் அதே ஜாதிதான். பார்வைக்குக் கல், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளில் தண்ணீர். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு பெருகும். சாதாரணக் கான்கிரீட்டில் அது எப்படியோ கசிந்து வெளியேறிவிடும். மிக நெருக்கமாக வார்த்த உறுதியான கான்கிரீட்டிலோ ஆவி சிக்கிக்கொள்ளும். மேல்பகுதி சில்லு சில்லாகத் தெறிக்கும். உள்ளிருக்கும் கம்பி நெருப்பில் படும். 600 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது இரும்பு தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும்.

1996 நவம்பர் 18-ந் தேதி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடிச் சுரங்கத்தில் லாரிகளை ஏற்றிச் சென்ற ரயில் தீப்பிடித்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கனமான கான்கிரீட் சுவர் தெறித்துத் தெறித்து, சில இடங்களில் மிக மெல்லியதாகிவிட்டது.

எஞ்சினீயர்கள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? பாட்டியின் ஊசிதான்! பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் செய்து, கான்கிரீட்டில் கலந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி ஒரு கனமீட்டருக்கு 2 கிலோ போதும். தீப்பிடித்தால், சுமார் 165 டிகிரியில் இழைகள் உருகிவிடும். அவை இருந்த இடமெல்லாம் நுண்ணிய வழிகள். ஆவி சாதுவாக வெளியேறிவிடும். இரும்பு இழை கலப்பதும் உண்டு. அது விரிசலைப் பிடித்து நிறுத்தும். ஆனால் ஆவிக்கு வழிவிடாது.

அப்படியானால் கூரை ஷீட்டிலும் இழை இருக்கிறதே என்பீர்கள். உண்மை. 1901-ல் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் காப்புரிமை பெற்ற முறை அது: சிமெண்டோடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். கல்நார் எரியாது, உருகி வழியும் விடாது. ஷீட்டோ மெல்லியது. ஆகவே தீயில் படபடவென்று வெடிக்கிறது. போதாக்குறைக்கு, அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன.

மறுபடியும் போய் அந்த அம்மாளிடம் சொன்னேன்:

"தாராளமாகத் தளம் போடுங்கள். வீட்டுத் தளத்துக்குச் சாதாரணக் கான்கிரீட்டே போதும், இழை தேவையில்லை. ஆனால் கம்பிக்குக் கீழே சிமெண்ட் மறைப்பு முக்கால் அங்குலத்துக்குக் குறையவே கூடாது. உங்கள் ஊர்க் கடற்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் இன்னும் கூடுதலாகவே வைக்கச் சொல்லுங்கள். கம்பி கட்டும்போது கீழே வைக்கும் சிமெண்ட் கட்டைகளை, கொத்தனாரை நம்பி விட்டுவிடாமல், நீங்களே ஒருமுறை குனிந்து பாருங்கள். பழைய ஷீட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அடுப்புக்கு அண்டக் கொடுக்கவும் வேண்டாம்."

அம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அட, சீடைக்கு ஊசி குத்தற சமாசாரம்தானா? இதுக்கா சார் இம்மாம் பெரிய படிப்பு?" என்றார்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. ஒரு சீடையை வாயில் போட்டுக்கொண்டேன்.