அலையை எண்ணுதல்

அதிர்வெண்ணுக்கு இன்றைய அரபியில் ‘தரத்துத்’ என்பர். திரும்பத் திரும்பப் போய் வருதல் என்பது அதன் பொருள். முடிவெடுக்க இயலாது தயங்குதலுக்கும் அச்சொல்லே வழங்கும். அரபி இயக்கத்தைச் சுட்ட, தமிழோ எண்ணையே பெயருக்குள் வைத்துவிட்டது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரருகே கல்லொன்றை அடையாளமாகக் கொண்டு, அதனைக் கடக்கும் முகடுகளை எண்ணுவோம். 240 வினாடிகளில் 30 முகடுகள் கடந்தால், ஓர் அலைக்கு 8 வினாடி. இஃது அலைவுக்காலம். 1ஐ 8ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.125 ஹெர்ட்ஸ் அதன் அதிர்வெண். அதிர்வெண் குறைந்தால் அலை வலுக் குறைந்தது என்று மாணவர் பலர் கருதிவிடுகின்றனர். கடலில் உண்மை பெரும்பாலும் நேர்மாறானது.

ஆழ்கடலில் அலைவுக்காலத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 8 வினாடி அலைக்கு ஏறத்தாழ 100 மீட்டர். 16 வினாடி அலைக்கு 400. அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்குவதே வேகம்: முன்னது மணிக்கு 45 கிலோமீட்டர், பின்னது 90. தொலைவில் புயல் வீசுகையில், இங்கே காற்றில்லாத நாளிலும் நெடிய அலைகள் முந்தி வருவது இதனாலேயே. ஹைதராபாத் கடல்சார் தகவல் மையத்தின் அறிக்கைகள் உயரத்தோடு காலத்தையும் தருகின்றன. நாமோ உயரத்தை மட்டும் பார்க்கிறோம்.

சூரத்துந் நூரில் அலைமேல் அலை என வருவதைக் கொண்டு இயற்பியல் பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. அங்கே அலை, இருளுக்கான உவமை. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தோடு கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்ததை மறத்தலாகாது. கரையில் வாழும் சமுதாயத்துக்கு இந்தக் கணக்கும் அவ்வகையினதே.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. ஒன்பது மணியளவில் சென்னைக் கரையில் கடல் ஏறிற்று. காசிமேட்டில் படகுகள் மோதிச் சிதைந்தன. சுனாமியின் அலைவுக்காலம் வினாடிகளில் அன்று, பல நிமிடங்களில் அமைவது. 30 நிமிடம் எனக் கொண்டால் அதிர்வெண் 0.00056 ஹெர்ட்ஸ். இத்தகைய அலைக்கு வங்கக்கடலும் ஆழமற்ற குட்டையே. எனவே முந்தைய வாய்பாடு பொருந்தாது. ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 3000 மீட்டர் ஆழத்தில் வேகம் வினாடிக்கு 171 மீட்டர். மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் அதிகம். அலைநீளம் 300 கிலோமீட்டரைத் தாண்டும். அத்துணை நீளத்தில் பரந்து கிடக்கும் சிறு ஏற்றத்தை நடுக்கடலில் படகிலிருப்போர் உணர்வதில்லை.

உயிர் காக்கும் பகுதி இனித்தான். 30 நிமிட அலையெனில் ஏறத்தாழப் பதினைந்து நிமிடம் கடல் ஏறும், பதினைந்து நிமிடம் இறங்கும், மீண்டும் ஏறும். பின்வருவது முதலாவதை விடப் பெரியதாகவும் இருக்கலாம். கடல் வடிந்தது கண்டு வலையையும் படகையும் பார்க்கத் திரும்புபவர், அடுத்த முகட்டின் வழியில் நிற்கிறார்.

2007இல் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம். சென்னைக் கரையிலிருந்து மக்கள் வெளியேறினர். கடற்படுகை மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. வீண் அலைச்சல் என அன்று முணுமுணுத்தவர்கள் நம்மிடையேயும் உண்டு.