கொத்தான்: ஐனு மக்களின் ஊரும் வாழ்வும்

யப்பான் தேசப்படத்திலே வடபால் அமைந்துள்ள ஒக்கைடோத் தீவினை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அத்தீவின் ஊர்ப்பெயர்களிலும் ஆற்றுப்பெயர்களிலும் மிகப்பல யப்பானிய மொழியிற் பிறந்தவை அல்ல. 'நய்' என்றும் 'பெற்சு' என்றும் முடியும் பெயர்கள் அங்கே எண்ணிறந்தன. நய் என்பது ஓடை. பெற்சு என்பது ஆறு எனப் பொருள்படும் 'பெத்' என்னுஞ் சொல்லின் திரிபு. வடகீழ்த்திசையிலே கடலுட் புகுந்து நிற்கும் சிரெத்தோக்கோ முனையின் பெயர்க்கு நிலத்தின் நுனி என்பது பொருள். இப்பெயர்களை இட்டு வழங்கியோர் ஐனு மக்களாவர். பெயர்கள் நிலைத்துவிட்டன, பெயரிட்டவரோ தம் நிலத்திலேயே சிறுபான்மையினராயினர். அவர்களின் ஊரைக் காணச் செல்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு செல்லுதல் வேண்டும்.

ஐனு என்னுஞ் சொல் அவர்தம் மொழியில் மனிதன் என்று பொருள்படும். ஒக்கைடோவில் மட்டுமன்றிச் சகலின் தீவிலும் கூரில் தீவுகளிலும் அவர்கள் வாழ்ந்தனர். ஆற்றங்கரைகளிலே சில வீடுகள் சேர்ந்த சிற்றூர்களாகக் குடியிருந்தனர். அச்சிற்றூர் கொத்தான் எனப்பட்டது. இச்சொல்லைக் கேட்டவுடன் நம்மவருட் சிலர்க்குக் கோட்டம் என்னுஞ் சொல் நினைவுக்கு வருதல் கூடும். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு காண முயன்ற பேராசிரியர் ஓனோ சுசுமு அவர்களோடு யாழ்ப்பாணத்துத் தமிழறிஞரும் சேர்ந்து உழைத்தமையால், இத்தகைய ஒப்புமைகளில் நமக்கு ஆர்வம் மிகுதி. ஆயின், ஐனு மொழி யப்பானிய மொழியின் கிளை அன்று. எம்மொழிக் குடும்பத்தோடும் அதன் உறவு இதுகாறும் நிறுவப்படவில்லை. ஓசை ஒன்றினையே பற்றுக்கோடாகக் கொண்டு சொற்களைப் பிணைத்தல் ஆராய்ச்சியாகாது.

கொத்தானுக்குச் செல்வோர் முதலிற் காண்பது சிசே எனப்படும் வீடு. நாணல், மூங்கிற்புல், மரப்பட்டை என அவ்வவ்விடத்திற் கிடைக்கும் பொருளாலே கூரையும் சுவரும் வேயப்படும். கூரையின் சட்டத்தை நிலத்திலே கட்டி முடித்துப் பின்னரே தூண்களின்மேல் ஏற்றுதல் அவர்கள் வழக்கம். உள்ளே இருப்பது ஒரே அறை. அதன் நடுவிலே நீண்ட சதுரமான அடுப்பு. அவ்வடுப்பிலே உறைபவள் அபெஃபுச்சி என்னுந் தெய்வம். தீயாகிய பாட்டி என்பது அப்பெயரின் பொருள். ஏனைய தெய்வங்களை நோக்கிச் செய்யும் வேண்டுதலும் முதலில் அவளிடமே சொல்லப்படும். அவளே மனிதர் மொழியைத் தெய்வங்களிடம் கொண்டுசெல்லும் தூதி. வாயிலுக்கு எதிர்ப்புறச் சுவரில் அமைந்த சாளரம் தெய்வங்கள் வந்து போகும் வழியாகும். வெளியே நின்று அதனூடாக உள்ளே எட்டிப் பார்த்தல் பெருங்குற்றம் என்ப. ஒளிப்படக் கருவியோடு செல்வோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

தெய்வம் என இங்கு நாம் குறித்ததனை ஐனு மக்கள் கமுய் என்பர். நம் சமய நூல்களிற் பயிலும் கடவுள் என்னுங் கருத்தினை அச்சொல்லின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. மனிதரின் வாழ்வுக்கு இன்றியமையாததும், மனிதரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதும் ஆகிய எதுவும் கமுய் ஆகலாம். தீயும் நீரும் கரடியும் ஆந்தையும் மட்டுமன்றி, ஓடமும் வீடுங்கூட அவ்வாறு கருதப்படுவதுண்டு. கமுய்கள் தம் உலகத்திலே மனித வடிவிலேயே வாழ்கின்றன. மனிதரைக் காண வரும்பொழுது விலங்கின் தோலை ஆடைபோல் அணிந்து, ஊனையும் மயிரையும் கையுறையாகக் கொண்டு வருகின்றன. வேட்டையாடியவன் அந்தக் கையுறையைப் பெற்றுக்கொண்டு, விருந்தினனை முறையாக வழியனுப்பக் கடமைப்பட்டவன். கொலை என்று நாம் காண்பதனை அவர்கள் விருந்தோம்பலாகக் காண்கின்றனர்.

இக்கருத்து முழு வடிவம் பெற்றது இயோமாந்தே என்னுங் கரடிச் சடங்கிலே. குகையிற் கிடைத்த கரடிக்குட்டியை ஊருக்குக் கொணர்ந்து, ஓரிரண்டு ஆண்டுகள் பிள்ளையைப்போல் ஊட்டி வளர்ப்பர். பின்னர் ஒரு குளிர்காலத்திலே, மதுவும் மாப்பண்டமும், இனாவ் எனப்படும் சீவிய மரக்கோல்களும் படைத்து, அதன் உயிரைத் தெய்வ உலகிற்கு அனுப்பிவைப்பர். அவ்விரவிலே யூக்கார் என்னும் நெடும்பாட்டுப் பாடப்படும். பாடுவோர் கதையை முடிவுவரை சொல்லாது சுவைமிக்க இடத்தில் நிறுத்திவிடுதல் மரபு. எஞ்சிய கதையைக் கேட்கும் ஆவலாலே தெய்வம் மறுமுறையும் கரடியாகி வரும் என்பது நம்பிக்கை. கதையின் ஆற்றலை இத்துணை உயர்வாக மதித்த மக்கள் வேறு எவரும் உளரோ என வியக்கத் தோன்றுகின்றது. இச்சடங்கு காட்டுமிராண்டித்தனம் எனக் கருதி 1955ஆம் ஆண்டிலே ஒக்கைடோ ஆளுநரின் சுற்றறிக்கை அதனை விலக்கியது; 2007ஆம் ஆண்டில் அவ்வறிக்கை மீட்டுக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டிலே சடங்கினை அறிந்த முதியோர் பெரும்பாலும் மறைந்தனர்.

விலக்குகளின் வரலாறு அதற்கும் பல ஆண்டுகட்கு முன்னரே தொடங்கியது. 1869ஆம் ஆண்டிலே மெய்சி அரசு அத்தீவுக்கு ஒக்கைடோ என்று பெயரிட்டு, குடியேற்ற அலுவலகம் ஒன்றையும் நிறுவிற்று. 1871ஆம் ஆண்டிலே பெண்கள் வாயைச் சூழப் பச்சை குத்துதலும், ஆடவர் காதணி அணிதலும், இறந்தோர் வாழ்ந்த வீட்டை எரித்து அவருடன் அனுப்புதலும் தடைசெய்யப்பட்டன. ஆறுகளிலே சமன் மீன் பிடித்தலும் குற்றமாயிற்று. 1899ஆம் ஆண்டின் சட்டம் 'பழங்குடியினர் பாதுகாப்பு' என்னும் பெயரைத் தாங்கியது. வேட்டையும் மீன்பிடியுமே அறிந்த குடும்பத்திற்கு ஏறக்குறைய ஐந்து எக்ரயர் நிலங் கொடுத்து உழுமாறு பணித்த அச்சட்டம், பதினைந்து ஆண்டுக்குட் பயிரிடாத நிலத்தைப் பறித்துக்கொள்ளவும் இடந் தந்தது. பிள்ளைகள் யப்பானிய மொழியிற் கல்வி பெற்றனர். தாய்மொழி வீட்டிலும் ஒடுங்கியது. இச்சட்டம் 1997ஆம் ஆண்டுவரை நீக்கப்படாதிருந்தது.

நிலமும் ஆறும் கைவிட்டுப் போனபின் பிறர் காண நிற்றலே பலர்க்கு எஞ்சிய பிழைப்பாயிற்று. 1878ஆம் ஆண்டிலே பிராத்தோரி என்னும் ஊருக்குச் சென்ற ஆங்கிலப் பெண்மணி இசபெல்லா பேட், ஊர்த்தலைவரின் வீட்டிலே விருந்தினராகத் தங்கித் தாம் கண்டவற்றை நூலாக எழுதினார். அவர் வீட்டாரின் இசைவோடு உள்ளே புகுந்தவர். 1903ஆம் ஆண்டு ஒசாக்காக் கண்காட்சியிலோ ஐனு மக்களையும் வேறு சில இனத்தவரையும் ஒரு கொட்டகையில் இருத்திக் காட்சிப்பொருளாக்கினர். ஊரைக் காணச் செல்லுதல் என்னும் ஒரே செயலுக்குள் இவ்விரு வகையும் அடங்கியுள்ளன. சுற்றுலாவிற்காக ஆடுவோரைப் போலி ஐனு என்று எள்ளுவோர் உண்டு. அவர்கள் ஆடும் நிலைக்கு ஏன் தள்ளப்பட்டனர் என்பதனை எள்ளுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று செல்வோர்க்குப் பெரிதும் காட்டப்படுவது சிராவோய் என்னும் ஊரிலே பொரோத்தோ ஏரிக்கரையில் அமைந்த உப்போப்போய். பலர் சேர்ந்து பாடுதல் என்பது அப்பெயரின் பொருள். யப்பானிய அரசு நிறுவிய இத்தேசிய அரும்பொருளகமும் பூங்காவும் 2020ஆம் ஆண்டு யூலை மாதத்திலே திறக்கப்பட்டன. அங்கே சிசே வீடுகள் சில மரபின்படி கட்டப்பட்டுள்ளன. ஆடலும் வாயில் வைத்து இசைக்கும் முக்குரியின் ஒலியும் நாள்தோறும் உண்டு. அரும்பொருளகத்தின் விளக்கங்களில் ஐனு மொழிக்கே முதலிடம். இவை பாராட்டத்தக்கன. ஆயின், அவ்வளாகத்தின் மற்றொரு பகுதி சற்றுத் தொலைவிலே மேட்டுநிலத்தில் உள்ளது. ஆடலைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோருட் பலர் அங்கே செல்வதில்லை. மண்டையோட்டு அளவை ஆராய்ச்சிக்கெனப் பல்கலைக்கழக ஆய்வாளர் கல்லறைகளிலிருந்து எடுத்துச் சென்ற எலும்புகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடையவை, 2019ஆம் ஆண்டு முதல் அங்கேதான் வைக்கப்பட்டுள்ளன. அவை தத்தம் ஊர் மண்ணுக்கே திரும்புதல் வேண்டும் என்பது ஐனு மக்களுட் பலரின் கோரிக்கை.

ஆக்கன் ஏரிக்கரையிலும் ஒரு கொத்தான் உண்டு. மரச்சிற்பக் கடைகளும் ஆடலரங்கும் நிறைந்த கடைத்தெரு அது.

சாரு ஆற்றங்கரையிலே பிராத்தோரியைச் சேர்ந்த நிபுத்தானியே நம் கருத்தை நெடிது ஈர்ப்பது. இது காட்சிக்கென எழுப்பிய ஊரன்று. ஐனு மக்கள் வழிவழியாக வாழ்ந்துவரும் ஊர். எல்ம் மரத்தின் உட்பட்டையை நனைத்து நாராக்கி நெய்யும் அத்துசு என்னுந் துணியும், சுருள்வரி செதுக்கிய மரத்தட்டும் இங்கே இன்றும் செய்யப்படுகின்றன. 2013ஆம் ஆண்டிலே அவ்விரண்டும் நாட்டின் மரபுக் கைப்பணிகளாக அரசினால் ஏற்கப்பட்டன. இவ்வூரில் 1926ஆம் ஆண்டிற் பிறந்தவர் கயனோ சிகெரு. பாட்டியின் மடியிலே ஐனுக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அவர், பிள்ளைகளின் பசி தீர்க்கச் சமன் மீன் பிடித்த குற்றத்திற்காகத் தம் தந்தையைக் காவலர் கொண்டுசென்றதைச் சிறுவயதிலே கண்டவர். வெளியூரார் விலைக்கு வாங்கிச் சென்ற பழம்பொருள்களைத் தாமும் தம் உழைப்பின் ஊதியங் கொண்டு தேடிச் சேர்த்தார். அச்சேர்க்கையே 1972ஆம் ஆண்டில் ஊரின் அரும்பொருளகமாயிற்று. 1983ஆம் ஆண்டிலே சிறுவர்க்கு ஐனு மொழி கற்பிக்கும் பள்ளியையும் தொடக்கினார். 1994ஆம் ஆண்டிலே யப்பானியப் பாராளுமன்றத்தின் மேலவையில் முதல் ஐனு உறுப்பினராக அமர்ந்து, தம் தாய்மொழியிலேயே அங்குப் பேசினார்.

அவ்வூரிலே அரசு சாரு ஆற்றை மறித்து அணை கட்டத் துணிந்தபொழுது, கயனோவும் கைசவா தடாசியும் தம் நிலத்தை விட்டுக்கொடுக்க மறுத்தனர். வழிபாட்டிற்குரிய இடங்கள் நீரில் அமிழும் என்பது அவர்கள் வாதம். நீதிமன்ற வழக்குத் தொடங்குமுன்னரே கைசவா இறந்தார். அவர் மகன் வழக்கை நடத்தினார். 1997ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் சப்போறோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஐனு மக்கள் அந்நிலத்தின் முதற்குடிகள் என்றும், அவர்களின் பண்பாட்டினை ஆராயாது நிலம் எடுத்தமை சட்டத்திற்கு மாறானது என்றும் நீதிமன்றம் கூறிற்று. ஆயினும், அணை கட்டி முடிந்துவிட்டமையால் அதனை அகற்றுதல் பொதுநலனுக்குப் பொருந்தாது என்றும் கூறிற்று. வென்றவர்க்குக் கிடைத்தது சொல். நிலமோ நீரின் கீழ்க் கிடந்தது. அச்சொல்லும் வறிதாகிவிடவில்லை என்பதனையும் கூறுதல் முறை. 1899ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் ஐனு மக்களை முதற்குடிகளாக ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2019ஆம் ஆண்டில் அவ்வேற்பு சட்டமாயிற்று.

எனினும் ஆற்றுரிமை அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. சமன் மீனை ஐனு மக்கள் கமுய் செப், அஃதாவது தெய்வ மீன், என்பர். உரகோரோ என்னும் ஊரைச் சேர்ந்த இரப்போரோ ஐனு அமைப்பினர் தம் ஆற்றிலே அம்மீனைப் பிடிக்கும் உரிமை தமக்குண்டு என 2020ஆம் ஆண்டில் வழக்கிட்டனர். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே சப்போறோ மாவட்ட நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. அவர்கள் மேன்முறையீடு செய்தனர். இலையுதிர்காலத்தில் ஆறேறி வரும் முதல் மீனை வரவேற்கும் சடங்கு, நெடுங்காலம் நின்றுபோயிருந்து, 1982ஆம் ஆண்டிலே சப்போறோ நகரத்துத் தொயோகிரா ஆற்றங்கரையில் மீண்டும் தொடங்கியது. காண வருவோர் அங்கே கரையில் நின்று இனாவ் நடுதலையும் தீமுன் மது சொரிதலையும் பார்க்கலாம். சடங்கிற்கான அந்த மீனை ஆற்றிற் பிடிப்பதற்கும் ஆளுநரின் சிறப்பு அனுமதி பெறுதல் வேண்டும்.