உங்களுக்குத் தெரியுமா? மேடையில் பாட்டு, கையில் கேமரா

ஓசூரில் ஒரே மேடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழிப் பாட்டும் கேட்கலாம். ஷிப்ட் முடித்து வந்து கிடாரைக் கையில் எடுக்கும் பையன்கள் இங்கே உண்டு. அவர்களை எப்படியாவது நல்லபடியாகப் படம் பிடித்துவிட வேண்டும் என்று தவிக்கும் நண்பர்களும் உண்டு. இந்த முறை துணுக்குகள் அந்த நண்பர்களுக்காக.

★ ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. வீடியோவில் வினாடிக்கு 25 ஃபிரேம். கணக்குப் போட்டால், மேடையிலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு ஒலி ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் வந்து சேரும். நான் முதன்முதலில் படம் பிடித்த கச்சேரி ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால், ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளி ஸ்டாண்டைப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், டிரம்ஸ்காரரின் குச்சி தோலைத் தொட்டு மேலே எழும்பிய பிறகுதான் அடி கேட்கிறது. கேமராவில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அலைந்தேன். கோளாறு எதுவும் இல்லை, மூன்று ஃபிரேம் தூரம் அவ்வளவுதான். அன்றிலிருந்து மண்டபத்துக்குள் நுழைந்ததும், கேமராப் பையைத் திறக்கும் முன்பே சவுண்ட் சர்வீஸ்காரரைத் தேடிப் போய்விடுவேன்.

★ அவரிடம் கேட்க வேண்டியது மிக்ஸரிலிருந்து ஒரு லைன் அவுட். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சின்ன மண்டபத்தில் டிரம்ஸ் மைக் இல்லாமலே காதைப் பிளக்கும் என்பதால் மிக்ஸரில் அதைக் குறைத்தே வைத்திருப்பார்கள். அந்தப் பதிவைக் கேட்டால் பாடகர் நம் காதுக்குள் உட்கார்ந்திருப்பார், டிரம்ஸ்காரர் பக்கத்துத் தெருவில் இருப்பார், கைதட்டலே இருக்காது. அதனால் மேடைக்கு முன்னால் இன்னொரு ரெக்கார்டர் வேண்டும். இல்லாவிட்டால் ஃபிளைட் மோடில் போட்ட ஒரு போன் போதும். இரண்டையும் கலந்தால்தான் அது கச்சேரி. உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். சவுண்ட் செக்கில் அடக்கி வாசிப்பவர்கள் கூட்டத்தைப் பார்த்ததும் ஓங்கி வாசிப்பார்கள். பதிவிலேயே கிழிந்துபோன ஒலியை எந்த சாஃப்ட்வேரும் முழுசாகத் தைத்துக் கொடுக்காது.

★ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. டைட்டன் கடிகார ஆலை இருக்கும் ஊரில் இதைப் பலரும் சொல்லிவிடுவார்கள். கேமராவுக்குள்ளும் ரெக்கார்டருக்குள்ளும் இப்படி ஒரு படிகம்தான் நேரம் காட்டுகிறது. இரண்டு படிகங்கள் ஒருபோதும் அச்சாக ஒன்றுபோல் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி, அதாவது நாலரை ஃபிரேம் விலகிவிடும். ஐந்து நிமிடப் பாட்டில் அது அரை ஃபிரேம்கூட வராது. ஆகவே முழுக் கச்சேரியையும் ஒரே தடவையில் பொருத்தாமல், பாட்டுக்குப் பாட்டு தனியாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் எல்லாக் கேமராவுக்கும் தெரிகிற மாதிரி யாராவது ஓங்கி ஒரு கை தட்டினால் வேலை பாதி முடிந்தது.

★ சி.டி.யில் ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? வீடியோ டேப்பிலிருந்து! ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். வரிக்கு 3 மாதிரி, புலத்துக்கு (அதாவது அரை ஃபிரேமுக்கு) 294 வரி, வினாடிக்கு 50 புலங்கள். பெருக்கிப் பாருங்கள். வீடியோ உலகம் பிறகு 48,000-க்குப் போய்விட்டது. 44,100-ல் பதிந்த பாட்டை 48,000 என்று தவறாக ஓட்டினால் வேகம் கூடும், சுருதி முக்கால் கட்டை ஏறிவிடும். பாடகர் உங்களை மன்னிக்க மாட்டார்.

★ மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மின்சாரம் ஒரே 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் மட்டமான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மேடையில் நீலமும் ஊதாவும் மட்டும் எரிந்தால் முகங்கள் திட்டுத் திட்டாகிவிடும். "அண்ணா, முன்னால ஒரு வெள்ளை லைட் மட்டும் லேசா விடுங்க" என்று லைட்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இதுவரை எனக்கு யாரும் மறுத்ததில்லை.

★ 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 'தி பேண்ட்' குழுவின் பிரியாவிடைக் கச்சேரியை இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி படம் பிடித்தார். எந்த வரியில் எந்தக் கேமரா எங்கே நகர வேண்டும் என்று ஏறக்குறைய 300 பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். 35 எம்.எம். கேமரா மட்டும் ஏழு. அப்படியும் புகழ்பெற்ற பாடகர் மடி வாட்டர்ஸ் பாடவந்தபோது ஓடிக்கொண்டிருந்தது ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸின் ஒரே ஒரு கேமரா. அந்தப் பாட்டு இன்று நம் கையில் இருப்பது அந்த ஒரு கேமராவால்தான். புதிதாக எடுப்பவர்களுக்கு 300 பக்கம் வேண்டாம், ஒரு தாள் போதும்: எந்தப் பாட்டில் எத்தனையாவது நிமிடத்தில் கிடார் தனி, எங்கே டிரம்ஸ் மட்டும். அதோடு, முழு மேடையும் தெரியும் வைடு கேமராவை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

★ நிறுத்தாவிட்டாலும் அது தானாக நின்றுவிடலாம்! பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடும். 30 நிமிடத்தைத் தாண்டிப் பதிந்தால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா என்று கணக்காகிக் கூடுதல் சுங்கவரி விழுந்ததுதான் காரணம். அப்படிப்பட்ட கேமராவை மட்டும், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நிறுத்தி மறுபடி தட்டிவிடுங்கள்.

★ 2004 அக்டோபரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 'பீஸ்டி பாய்ஸ்' குழு, ரசிகர்கள் 50 பேர் கையில் சின்னக் கேமராக்களைக் கொடுத்து, என்ன நடந்தாலும் நிறுத்தாமல் எடுக்கச் சொன்னது. 2006-ல் அது முழுநீளப் படமாக வந்தது. நான்கு நண்பர்களின் போன்கள் இருந்தால் நீங்களும் தொடங்கிவிடலாம். எல்லாரும் மேடைக்கு ஒரே பக்கம் நில்லுங்கள். ஒருவர் மேடைக்குப் பின்னால் போய்விட்டால், இடப்பக்கம் இருந்த கிடார்காரர் அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் குதித்துவிடுவார். போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாங்களே கூட்டிக் குறைக்கும். எடிட்டிங்குக்கு முன் நிலையான 25-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

★ டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே பல கேமராக்களை ஒன்றாக ஓடவிட்டு, டிவி நிலையத்தில் செய்வதுபோல் மாற்றி மாற்றி வெட்டலாம். வெட்ட வசதி வந்ததும் ஒவ்வொரு தாளத்துக்கும் வெட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு கட் சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல் சொல்லி மதிப்பெண்ணும் போட்டார். தாள லயத்துக்கு 10 சதவீதம். உணர்ச்சிக்கு 51. 'டாக்கிங் ஹெட்ஸ்' குழுவை 1983 டிசம்பரில் படம் பிடித்த இயக்குநர் ஜோனதன் டெம்மி, கூட்டத்தைப் படத்தின் முடிவு நெருங்கும்வரை அநேகமாகக் காட்டவே இல்லை. வாசிப்பவர்களின் முகத்தைவிட்டு நம் கண் விலகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

★ கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் பதிப்புரிமை மீறல் ஆகாது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே அந்த விலக்கைத் தருகிறது. ஆனால் அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவது வேறு கணக்கு, அதற்கு உரிமை வாங்க வேண்டும். சொந்தப் பாட்டு என்றால் இந்தக் கவலையே இல்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டும் குழுவோடு சேருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். திறந்தவெளி என்றால் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் எல்லை. டிரோன் பறக்கவிட ஆசை இருந்தால், பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதை மறக்காமல் முதலில் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள்.

★ 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் மேடை ஏறியபோது பறையும் கானாவும் கிடாரும் ஒன்றாக நின்றன. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பறைக்கு ஈடான பெருமை பம்பைக்கு உண்டு. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய அந்த இரட்டை மேளத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு வாசிப்பவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். கேமரா எப்போதும் பாடகரையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் ஃபிரேமின் ஓரத்தில் அரைத் தோளாகவே மிஞ்சுவார். போன வருடம் ஒரு குழுவின் சொந்தப் பாட்டை எடுத்தபோது ஒரு போனைப் பம்பைக்காரருக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். ஷட்டர் 1/50-ல் குச்சி விசிறிபோல் மங்கலாக விரிய, மணிக்கட்டு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. அந்த ஷாட்டை நாற்பது வினாடி வெட்டாமல் விட்டேன். வீடியோ முடிந்ததும் அவரிடம் காட்டினேன். பாட்டை முழுக்கக் கேட்கவில்லை. தன் இடது கை திரும்பும் அந்த இடத்தை மட்டும் விரலால் பின்னுக்கு இழுத்து இழுத்து மூன்று தடவை பார்த்துவிட்டு, மகனைக் கூப்பிட்டு அவனிடம் போனைக் கொடுத்தார்.