பழைய கட்டடமும் சம்பாதிக்க வேண்டும்

சிரம்பானில் போருக்கு முந்திய கடைவீடு ஒன்று வாடகைக்கு வருகிறது, சிமெண்டு பூசி, ஏசி மாட்டி அலுவலகம் ஆக்கிவிடலாமா? கோலா சாவாவில் தேநீர் மேசைக்கு வரும் இளைஞர்கள் இப்படிக் கேட்பதுண்டு. ஆக்கலாம் தம்பி, தாராளமாக ஆக்கலாம். சிமெண்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூர் பசார் செனி 1888இல் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையாகத் தொடங்கியது. இப்போது நிற்கும் ஆர்ட் டெகோ கட்டடம் 1937இல் வந்தது. ஒரு கட்டத்தில் அதை இடித்துவிடும் பேச்சு எழுந்தது. மரபை மதித்தவர்கள் குரல் கொடுத்ததால் அது தப்பி, 1986இல் கைவினைக் கடைகளின் அங்காடியாகத் திறக்கப்பட்டது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், கட்டடத்தை அதன் இயல்புக்கு எதிராக யாரும் வளைக்கவில்லை. உயர்ந்த கூரை, நீண்ட கூடம், உள்ளே சின்னச் சின்னக் கடைகள்: சந்தையாக இருந்தது சந்தையாகவே இருக்கிறது, விற்கும் பொருள்தான் மாறியது. வாடகை வருகிறது, அதனால் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஆள் இருக்கிறது. வருமானம் இல்லாத கட்டடத்தைப் பாராட்டு மட்டும் நிறுத்தி வைக்காது.

நீங்கள் பார்த்த கடைவீட்டுக்கும் இதே கணக்குதான். 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்புக் கூரையும் மரச் சுவரும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் விதித்தார். அப்படித்தான் அங்கே இந்த வகைக் கடைவரிசைகள் பெருகின. முன்னே அஞ்சடி நடைபாதை, நடுவே வெளிச்சமும் காற்றும் இறங்கும் முற்றம், மேலே மரத்தளம், சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்.

அந்தச் சுவர்களில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. தரை ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபடுகிறது. கொளுத்தும் வெயிலில் மழைச்சட்டை போட்டுக்கொண்டு பால்மரம் சீவினால் உடம்பு எப்படிப் புழுங்கும், அதே கதி சுவருக்கும். ஈரம் இன்னும் உயரே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படியும், ஒருநாள் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயிண்ட்டும் இதையேதான் செய்யும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

இது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். உட்சுவர்ப் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்தார்கள். அதற்குப் பெயரே மதராஸ் சுண்ணாம்பு. தேவாலயம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்தக் கைகளின் பெயர் அதிகம் பேசப்படாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஏசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முற்றத்தைக் கண்ணாடியால் மூடி வீடு முழுவதையும் குளிரவைத்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். ஆட்கள் உட்காரும் அறைக்கு மட்டும் குளிர் போதும், முற்றம் திறந்தே இருக்கட்டும். மேல்தளத்தில் கோப்பு அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றுமுன் ஒரு பொறியாளர் உத்தரங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். உத்தரம் சுவருக்குள் போகும் முனைகளில்தான் கரையான் முதலில் நுழையும். மரத்தளம் என்பதால் போம்பா (தீயணைப்புத் துறை) அனுமதியையும் நகராண்மை அனுமதியையும் வேலை தொடங்குமுன்பே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு ஜார்ஜ்டவுனில் பல கடைவீடுகளின் வாடகை ஏறி, தலைமுறைகளாக அங்கிருந்த குடும்பங்கள் வெளியேறின. 2008இல் அந்நகர் உலக மரபுச் சின்னம் ஆனது. காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் வந்தன. சுவர் பிழைத்தது, அங்கே வாழ்ந்தவர்கள் போய்விட்டார்கள். அதை முழு வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்தக் கடையில் இப்போது யார் இருக்கிறார் என்று கேளுங்கள். வயதான தையல்காரரோ மளிகைக்காரரோ கீழ்த்தளத்தில் இருந்தால், அவர் தொடர இடம் விட்டு, மாடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். செலவு கூடும், நாளும் கூடும். இரண்டையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.