டாக்டருக்கும் ஒரு டைரி!

போன மாதம் எனக்கு நல்ல ஜுரம். தெருமுனை டாக்டரிடம் போனேன். டோக்கன் நம்பர் 47. உள்ளே போய் உட்கார்ந்து, "மூணு நாளா உடம்பு அனலா கொதிக்குது சார்..." என்று ஆரம்பித்தால், மனுஷர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனா மட்டும் ஓடியது. "சாப்பாட்டுக்கு அப்புறம். நெக்ஸ்ட்!"

புஸ்ஸென்று வெளியே வந்தவனை நர்ஸம்மா மடக்கினார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. ராத்திரி பூரா ஆஸ்பத்திரில டூட்டி. குளிச்சிட்டு நேரா இங்க வந்துட்டாரு. இன்னும் சாப்பிடக்கூட இல்ல."

எட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டாம் நம்பரின் வயிற்றை அமுக்கிக்கொண்டே ஒரு கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தார். ஜுரம் எனக்கு. பேஷன்ட் மாதிரி இருந்தது அவர்!

இதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். உள்ளுக்குள் எரிந்து அடங்கிப் போவது. 1974-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பிரபலமாக்கியவர் நியூயார்க் மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். பகலில் சொந்த கிளினிக், ராத்திரியில் இலவச கிளினிக் என்று உழைத்துத் தானே கருகிப் போனவர். ஆக, அனுபவஸ்தர். பிற்பாடு 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்கப் பேராசிரியை, இதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். மூன்று அடையாளங்கள். மனசு வற்றிப் போவது ஒன்று. எதிரே இருப்பவர் மனுஷராகத் தெரியாமல் 'நாலாம் பெட் கிட்னி'யாகத் தெரிவது இரண்டு. 'என்னத்தைக் கிழிச்சோம்' என்ற சலிப்பு மூன்று. (கடைசி அயிட்டம் நம் ஆபீஸிலும் உண்டு என்கிறீர்களா? உண்டு, உண்டு. ஆனால் நாம் தப்பாகக் கூட்டினால் லெட்ஜர்தான் உதைக்கும். அவர் தப்பாகக் கூட்டினால்..?)

இதற்கு ஒரு வைத்தியத்தை ஹாங்காங்கில் சோதித்திருக்கிறார்கள். மருந்து, ஒரு டைரி!

ஐந்து அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் 102 பேர். மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டி, வேலையில் நன்றி சொல்லத் தோன்றிய விஷயங்களை வாரம் இரண்டு தடவை எழுத வேண்டும். இன்னொன்று, எரிச்சல் மூட்டிய விஷயங்களை எழுத வேண்டும். (இந்த டைரிக்குப் பக்கம் போதாமல் போயிருக்கும்!) மூன்றாவது கோஷ்டி எதுவும் எழுத வேண்டாம். இப்படி நாலே வாரம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும், நன்றி எழுதியவர்களுக்கு மன அழுத்தமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததாம். 2015-ல் வெளியான ஆய்வு இது.

அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்து பிரையன் செக்ஸ்டன் இதே மாதிரி ஒன்றை ராத்திரி வேளையில் சோதித்தார். தூங்கப் போகுமுன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும். பதினைந்து நாள். அவ்வளவுதான் கோர்ஸ்.

'சும்மா ரீல்' என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பி.காம். படித்தவன் புத்தி, கணக்காக யோசித்துப் பார்த்தது. டிரையல் பேலன்ஸில் நூறு பக்கம் சரியாக இருக்கும். ஐந்து ரூபாய் உதைக்கும். ராத்திரி கனவில் வருவது அந்த ஐந்து ரூபாய்தானே? டாக்டருக்கும் அதே கதி. அறுபது பேர் குணமாகிப் போயிருப்பார்கள். சட்டையைப் பிடிக்க வந்த ஒரே ஒரு உறவினர்தான் படுக்கை வரை கூட வருவார். பொய்யாகச் சந்தோஷப்படச் சொல்லவில்லை இந்த டைரி. விட்டுப்போன வரவை எழுதச் சொல்கிறது, அவ்வளவே.

ஒரு விஷயத்தை மட்டும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். நாலு டாக்டர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, 'இந்தாப்பா நோட்டு, நன்றி எழுது' என்று எந்த நிர்வாகமாவது கிளம்பினால் அது வைத்தியமல்ல, நக்கல். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்டை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. வேலையிடத்து அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வருவது என்றுதான் சொன்னது. ஆள் போட வேண்டிய இடத்தில் ஆள்தான் போட வேண்டும். தூக்கத்துக்குப் பதில் தூக்கம்தான்.

சரி, ஜுரம் விட்டதும் நான் மறுபடி போனேன். டோக்கன் 52. ஒன்றரை மணி நேரம்.

"என்ன பண்ணுது?" தலை நிமிரவில்லை.

"ஒண்ணும் பண்ணலை சார். நீங்க குடுத்த மாத்திரைல சரியாப் போச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு..."

பேனா நின்றது. முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?"

ஃபீஸ் வாங்கவில்லை. ஆனால் பழக்க தோஷம், ஒரு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்!